இல்லாதவர்கள் கட்டிய வீடு

பிரான்சில் வீடு விற்கும் விளம்பரங்களுக்கென்று ஒரு தனிப் பாஷை உண்டு. முப்பது வருடமாக அந்த நாட்டில் இருந்தும் எனக்கு அது பிடிபட நாளாயிற்று. ‘குணமுள்ள வீடு’ என்றால் பழையது, கல்லால் ஆனது, குளிர்காலத்தில் சூடேற்ற நிறையச் செலவாகும் என்று அர்த்தம். ‘அமைதியான சூழல்’ என்றால் ரொட்டிக் கடைக்கே காரில்தான் போகவேண்டும். ‘பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் போதும்’ என்றால் விற்கிறவர் தன் ரசனைப்படி எல்லாவற்றையும் பூசி முடித்துவிட்டார். இவற்றுக்கு நடுவில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் தொடர் ஒன்று உண்டு: ‘ஸான் விஸாவி’. எதிரே யாருமில்லை. சன்னலைத் திறந்தால் இன்னொரு வீட்டின் முகம் தெரியாது. இதை அவர்கள் குறையாகச் சொல்வதில்லை, விலையைக் கூட்டும் தகுதியாகச் சொல்கிறார்கள். வெளியூர் போகும்போது எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் தெருவில் வளர்ந்தவன் நான். எதிர்வீடு இல்லாததற்கும் சேர்த்துக் காசு கொடுப்பார்கள் என்பது இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை.

போன அக்டோபரில் நண்பர் ஒருவர் அப்படியொரு விளம்பரத்தை என் போனுக்கு அனுப்பினார். நடு பிரான்சில், க்ரூஸ் மாவட்டத்தில், பத்துப் பன்னிரண்டு வீடுகளே உள்ள ஒரு குக்கிராமத்தில் புதுப்பிக்கப்பட்ட கல் பண்ணைவீடு. நான்கு அறை, வீட்டோடு ஒட்டிய மாட்டுக்கொட்டிலும் வைக்கோல் பரணும், முற்றத்தில் ரொட்டி சுடும் அடுப்பு, ஒரு கிணறு, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக நிலம். 1,38,000 யூரோ. பாரிஸ் நகருக்குள் இந்தப் பணத்துக்கு ஒரு கார் நிறுத்தும் இடத்தைவிடச் சற்றுப் பெரிய அறை கிடைக்கும். பிரான்சிலேயே வீட்டு விலை மிகக் குறைந்த மாவட்டங்களில் க்ரூஸ் ஒன்று.

நண்பர் யாழ்ப்பாணம், வடமராட்சிப் பக்கம். எண்பதுகளின் கடைசியில் பாரிஸ் வந்து சேர்ந்தவர். கட்டட வேலையிலேயே காலம் கழிந்தது, பெரும்பாலும் ‘பிளாக்கோ’ வேலை. சுவரின் உட்பக்கம் உலோகச் சட்டம் நிறுத்தி ஜிப்சம் பலகை அடித்து, மூட்டுகளைப் பூசி, கண்ணாடிபோல் வழவழப்பாக்கிக் கொடுப்பது. ஓய்வு பெற்று ஒரு வருடமாகிறது. நான் புதுச்சேரிக்காரன். அவர் என்னைத் தம்பி என்பார், நான் அண்ணே என்பேன்.

“வாங்கிறதுக்கில்லைத் தம்பி. சும்மா பாத்திட்டு வருவம். நீர் ஒருக்கா வாரும், உம்மட பிரெஞ்சு நல்லது” என்றார்.

வாங்குவதற்கில்லை என்று சொல்லிக்கொண்டு நானூறு கிலோமீட்டர் போகிறவரிடம் ஒன்றும் கேட்கக்கூடாது. ஓர்லியான், வியர்ஸோன், ஷத்தோரூ என்று தெற்கே இறங்கும் நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம். அதை நான் அன்று ஒரு சாலையாக மட்டுமே பார்த்தேன்.

*

வீட்டு முகவராக வந்த இளம்பெண் எங்களை முதலில் வரவேற்பறைக்குள் அழைத்துப்போனாள். அதுதான் முறை: பெரிய கணப்பு, மேலே கரிய ஓக் உத்தரங்கள், பூச்சில்லாமல் கல் தெரியவிட்ட ஒரு சுவர். முதல் புகைப்படமும் அதுதான். நண்பர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு எங்கள் இருவரையும் விட்டுவிட்டு வீட்டைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். கோயிலைச் சுற்றுவதுபோலவே இடமிருந்து வலமாக. அதை அவர் கவனித்துச் செய்தாரா தெரியாது.

வடக்குப் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். கார்ச் சாவியால் இரண்டு கற்களுக்கு நடுவே மெதுவாகச் சுரண்டினார். சாவி இறங்கவில்லை.

“சுண்ணாம்பு வைக்க வேண்டிய இடத்தில சீமெந்தை வைச்சு அடைச்சிருக்கினம். சுவர் மூச்சு விடேலாமல் கிடக்கு.”

இந்த வீடுகளின் சுவர் ஒற்றைச் சுவர் இல்லை. வெளியே ஒரு வரிசை கல், உள்ளே ஒரு வரிசை கல், இரண்டுக்கும் நடுவே உடைகல்லும் மண்ணும். அங்கங்கே இரண்டு வரிசையையும் கோத்துப் பிடிக்கும் நீளக் கல் ஒன்று குறுக்கே போகும். மொத்தம் 60, 70 சென்டிமீட்டர் பருமன். பெரும்பாலும் மண் சாந்துதான். சுண்ணாம்பு அன்று காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருள், இந்தக் கருங்கல் பூமியில் அது விளைவதில்லை. அஸ்திவாரத்துக்குக் கீழே ஈரத்தைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும், மூட்டுகளின் வழியாகக் காற்றில் ஆறிப்போகும். சுவர் எப்போதும் கொஞ்சம் நனைந்து, எப்போதும் கொஞ்சம் காய்ந்துகொண்டிருக்கும். இருபதாம் நூற்றாண்டில் சிமென்ட் மலிவாகக் கிடைத்ததும் வெளி மூட்டுகளை அதைக்கொண்டு அடைத்தார்கள். உறுதியாகத்தான் தெரிந்தது. வெளியேற வழியில்லாத ஈரம் உள்பக்கம் திரும்பியது. உள்பக்கச் சுவர் அழுகத் தொடங்கியதும் அதை மறைக்க ஜிப்சம் பலகை வந்தது.

நண்பர் படுக்கையறைக்குள் போய்ச் சுவரை விரல் முட்டியால் தட்டினார். டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். தட்டிக்கொண்டே அறையைச் சுற்றிவந்தார். ஒரு மூலையில் குனிந்து முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சிரித்தார்.

“வேலை சுத்தம். நானும் இப்பிடித்தான் அடிச்சுக் குடுப்பன்.”

வரவேற்பறையில் கல் தெரிய நின்ற சுவர் விளம்பரத்தின் நட்சத்திரம். அதைப் பார்த்தால் வீட்டைக் கட்டினவர்கள் வெட்கப்பட்டிருப்பார்கள். மாட்டுக்கொட்டிலின் சுவரைத்தான் பூசாமல் விடுவார்கள். மனிதர் வாழும் வீட்டுக்குச் சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு உண்டு. செதுக்கிய கல் மூலைகளிலும், கதவு சன்னல் ஓரங்களிலும் மட்டும் வெளியே தெரியும், ஏனென்றால் செதுக்கக் காசு செலவானது அங்கேதான். மற்றவை வயலில் பொறுக்கிய முரட்டுக் கல், மூடி மறைக்கவேண்டியது. நகரத்திலிருந்து வந்தவர்கள் அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். கல்லைப் பார்ப்பதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தது. புதுப்பித்தல் என்ற பெயரில் நடப்பதில் பாதி இதுதான்: ஏழை மறைக்க விரும்பியதை வெளியே எடுத்துக் காட்டுவது, அவன் பெருமையாக வைத்திருந்ததை உரித்துப் போடுவது.

சன்னல்கள் சிறியவை. முகவர் அதற்குக் குளிரைக் காரணம் சொன்னாள். அதுவும் உண்மை. 1798-இல் தொடங்கி 1926 வரை பிரான்சில் கதவுக்கும் சன்னலுக்கும் எண்ணி வரி போட்டார்கள் என்பதும் உண்மை. தெருவில் நின்றபடியே எண்ணிவிடலாம், வீட்டுக்குள் வந்து வருமானத்தைத் தோண்ட வேண்டியதில்லை என்பதால் அதிகாரிகளுக்கு வசதியான வரி. வெளிச்சத்துக்குக் காசு கட்டுவதா இருட்டில் இருப்பதா என்று கணக்குப் பார்த்தவர்களின் முகங்கள்தான் இந்தச் சுவர்களுக்கு.

முன்வாசலுக்கு வந்தோம். நிலைக்கு மேலே குறுக்காகக் கிடக்கும் கருங்கல்லில் இரண்டு எழுத்துகள், நடுவில் ஒரு சின்னச் சிலுவை, கீழே 1867. நண்பர் எட்டி அந்தக் கல்லின் விளிம்பைத் தடவினார். நூல் பிடித்ததுபோல நேர்க்கோடு.

“இதைக் கட்டினவன் மேசன். திருத்தினவன் ஆரோ தெரியேல்லை.”

*

யாழ்ப்பாணத்தில் கொத்தனாரை மேசன் என்பார்கள். ஆங்கிலத்திலிருந்து வந்து யாழ்ப்பாணத்தானாகவே ஆகிவிட்ட சொல். பிரெஞ்சில் கொத்தனாருக்கு மாஸோன், வீட்டுக்கு மேஸோன். பாரிஸுக்கு வந்த புதிதில் நண்பர் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி, நான் ஒரு வீடு, எனக்கு ஒரு கொத்தனார் வேண்டும் என்ற பொருளில் பேசியிருக்கிறார். இந்த மாவட்டத்தில் அது பிழையே இல்லை. பிரான்ஸ் முழுவதற்கும் க்ரூஸ் என்றால் கொத்தனார்தான். க்ரூஸ் அடங்கிய பழைய நிலப்பகுதிக்கு லிமூஸேன் என்று பெயர். கரடுமுரடான கல்லைச் சாந்து வைத்துக் கட்டும் வேலைக்கே பிரெஞ்சில் அந்த ஊர்ப் பெயரிலிருந்து ஒரு சொல் உண்டு.

மண் மெலிந்தது. கோதுமையின் குளிர்நாட்டுச் சகோதரனான ரை, பக்வீட், உருளைக்கிழங்கு, செஸ்ட்நட் கொட்டை, கொஞ்சம் ஆடுமாடு. குடும்பம் பெருகினால் நிலம் சோறு போடாது. ஆகவே மார்ச் மாதம் பிறந்ததும் ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். பாரிஸுக்கும் லியோனுக்கும் போய்க் கல் கட்டிவிட்டு நவம்பர், டிசம்பரில் திரும்பிவந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர். 1853-இலிருந்து 1870 வரை ஓஸ்மான் என்ற அதிகாரி பாரிஸை இடித்துத் திருப்பிக் கட்டியபோது, நாம் இன்று பாரிஸ் என்று படம் பிடிக்கும் அந்த நேரான தெருக்களையும் ஒரே உயர முகப்புகளையும் எழுப்பிய கைகளில் பெரும்பங்கு இவர்களுடையது.

அவர்களில் ஒருவர் எழுதிவைத்ததால்தான் நமக்கு இவ்வளவு தெரியும். மர்த்தேன் நதோ, 1815-இல் க்ரூஸில் லா மர்த்தினேஷ் என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். 1830-இல், பதினான்கு வயதில், அப்பாவோடு பாரிஸுக்குக் கிளம்பினார். ஓர்லியான் வரை நடை, அங்கிருந்து வண்டி. வழியில் சத்திரங்களில் அழுக்குப் படுக்கைகள், ஊர்க்காரர்களின் கேலி. பாரிஸில் ஓர் அறையில் பலர் நெருக்கிப் படுக்கும் வாடகைப் படுக்கை. விடிந்ததும் நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் உள்ள திடலில் போய் நிற்கவேண்டும், மேஸ்திரி வந்து ஆள் பொறுக்குவார். நம் ஊர்களில் காலை ஏழு மணிக்குச் சட்டியும் கரண்டியுமாக முக்குகளில் நிற்பார்களே, அதேதான். அந்தத் திடலுக்கு ‘க்ரேவ்’ என்று பெயர், ஆற்றங்கரை மணல்மேடு என்று அர்த்தம். வேலையில்லாமல் அங்கே நின்றதிலிருந்து, வேலை செய்ய மறுத்து நிற்பதற்கும் அதுவே சொல்லாயிற்று. இன்றும் பிரெஞ்சில் வேலைநிறுத்தம் என்றால் க்ரேவ். ரயில்காரர்களும் ஆசிரியர்களும் க்ரேவ் என்று சொல்லும்போதெல்லாம் இந்தக் கொத்தனார்கள் காலைக் குளிரில் நின்ற இடத்தைச் சொல்கிறார்கள்.

நதோ பகலில் கல் கட்டினார், இரவில் சக தொழிலாளிகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். குடும்பக் கடனை அடைக்கவே பல வருடங்கள் போயின. 1849-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடித்ததும் நாடு கடத்தப்பட்டு இங்கிலாந்துக்குப் போய், முதலில் கொத்து வேலையும் பிறகு ஆசிரியர் வேலையும் செய்தார். 1870-இல் திரும்பியவர் மறுபடி நாடாளுமன்றத்துக்குப் போனார். வேலையிடத்தில் அடிபடும் தொழிலாளிக்கு ஈடு தரவேண்டும் என்ற மசோதாவை 1880-இல் கொண்டுவந்தார். சட்டமாக 1898 ஆயிற்று. அவர் இறந்ததும் அதே வருடம்.

நண்பர் ஒரு முறை சாரத்திலிருந்து விழுந்து எட்டு மாதம் படுத்திருக்கிறார். அந்த எட்டு மாதமும் காசு வந்தது. அது எந்த மரத்தின் விழுது என்று அன்று திரும்பும் வழியில் அவரிடம் சொன்னேன். “கொத்தனாரே சட்டம் போட்டவரோ?” என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் வந்தார். பாரிஸின் இருபதாவது வட்டாரத்தில் நதோவின் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. நண்பர் அதைச் சுற்றியுள்ள தெருக்களில் பல வீடுகளுக்குப் பிளாக்கோ அடித்திருக்கிறார். பெயரைப் படித்ததில்லை.

*

1867 என்ற எண்ணை இப்போது திரும்பப் பார்க்கலாம். ஓஸ்மானின் பாரிஸ் உச்சத்தில் இருந்த வருடங்கள். வாசலில் தன் எழுத்தைப் பொறித்தவன் வயலில் உழைத்து இந்த வீட்டைக் கட்டியிருக்க முடியாது, அந்த வயல் அவ்வளவு தராது. பாரிஸ் கூலிதான் ஓட்டு வீடாக, செதுக்கிய மூலைக்கல்லாக, ஆண்டு பொறித்த நிலைக்கல்லாக இங்கே வந்து இறங்கியது. க்ரூஸின் பண்ணைவீடு என்று விற்கப்படுவது, அந்த நாளின் வெளியூர்ச் சம்பாத்திய வீடு. அதில் அவன் வருடத்துக்கு மூன்று, நான்கு மாதம் இருந்திருப்பான், அதுவும் பனியில். வேனிற்காலத்தில் தன் வீட்டு முற்றம் எப்படி இருக்கும் என்பது, வேலை செய்யும் வயதெல்லாம் அவனுக்குத் தெரியாது.

அப்படியென்றால் வீட்டில் இருந்தது யார்?

சமையலறையில் சன்னலுக்குக் கீழே ஒரே கல்லில் குடைந்த தொட்டி ஒன்று இருக்கிறது. ஆழம் நான்கு விரல்கூட இல்லை. ஒரு மூலையிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் ஒரு தூம்பு, வெளியே நாக்குபோல நீட்டி நிற்கும். பாத்திரம் கழுவிய நீர் அதன் வழியாக வெளிச் சுவரோரம் விழும். இதற்குக் குழாய் கிடையாது. தண்ணீர் கிணற்றிலிருந்து வரவேண்டும், கையில் தூக்கி. கிணற்றுக்கும் இந்தத் தொட்டிக்கும் இருபத்தேழு அடி. என் அடியால் எண்ணிப் பார்த்தேன். தொட்டியின் முன்விளிம்பு ஓரிடத்தில் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. கருங்கல் அது. எத்தனை இடுப்புகள், எத்தனை ஈரப் பாவாடைகள், எத்தனை வருடம் சாய்ந்தால் கருங்கல் அவ்வளவு குழியும்? முகவர் அதில் ஒரு மண்சட்டியும் காய்ந்த லாவெண்டர் கொத்தும் வைத்திருந்தாள். விளம்பரத்தில் அது ‘பழைய அழகு’ என்ற தலைப்பின் கீழ் வருகிறது. ரொட்டி அடுப்பும் கணப்பும் கிணறும் அதே பட்டியலில்.

விளம்பரம் அழகு என்று எண்ணிச் சொல்வதெல்லாம் ஒருத்தியின் வேலையிடங்கள். ஆண்கள் போன மாதங்களில் உழவு, அறுப்பு, மாடு, பன்றி, பிள்ளைகள், கிழடுகள், கடன்காரன், பாதிரியார், வரிக்காரர் எல்லாம் அவள் கணக்கு. நவம்பரில் அவன் வந்தான். குளிர்காலத்தில்தான் இந்த ஊர்களில் கல்யாணங்கள் நடக்கும். மார்ச்சில் அவன் போனான். பிள்ளை பிறக்கும்போது பெரும்பாலும் அவன் எங்கோ ஒரு சாரத்தின் மேல் நின்றிருப்பான். நதோவின் புத்தகம் பாரிஸைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. கிணற்றுக்கும் தொட்டிக்கும் நடந்தவள் எழுதியது எதுவும் நமக்கு வரவில்லை. அந்தப் பள்ளம்தான் வந்திருக்கிறது.

*

ரயில் வந்ததும் நடை நின்றது. நடையோடு திரும்பி வருவதும் நின்றது. ஒரு நாளில் போய்விடலாம் என்றானபோது பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பயணம் கடினமாக இருந்த வரைக்கும் ஊர் ஊராக இருந்தது, எளிதானதும் காலியானது. 1851-இல் இந்த மாவட்டத்தில் சுமார் 2,87,000 பேர் இருந்தார்கள். இன்று 1,20,000-க்கும் கீழே. நடுவில் முதல் உலகப்போர் வந்து ஒவ்வொரு ஊர்ச் சதுக்கத்திலும் ஒரு பெயர்ப்பட்டியலை நட்டுவிட்டுப் போனது. இங்கே ஜொந்தியூ என்ற ஊரில் 1922-இல் எழுந்த நினைவுத்தூண் பிரான்ஸ் முழுக்கப் பேர்பெற்றது. அதில் வீரன் இல்லை, வெற்றித் தேவதை இல்லை. பள்ளிக்கூட மேலாடை அணிந்த அநாதைச் சிறுவன் ஒருவன், ஒரு கையில் தொப்பி, மற்றக் கையை முஷ்டியாக்கிப் பெயர்ப்பட்டியலின் பக்கம் நீட்டியபடி நிற்கிறான். யுத்தம் நாசமாகப் போக என்று கீழே பொறித்திருக்கிறது.

பிறகு டிராக்டர். பத்துப் பேர் வேலையை ஒருவன் செய்யலாம் என்றானபோது மிஞ்சிய ஒன்பது பேரும் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். வீடு மட்டும் நின்றது, யாருக்கும் சொந்தமாக இல்லாமல், எல்லாருக்கும் சொந்தமாக. நெப்போலியனின் 1804-ஆம் வருடச் சட்டம் பிள்ளைகளுக்குச் சமபங்கு என்கிறது. அண்ணன் தம்பி அக்கா தங்கை, அவர்களின் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள். பங்கு பிரிக்காத சொத்தில் கையெழுத்து வாங்க நோத்தேர் எனப்படும் பத்திர அதிகாரி ஊர் ஊராகக் கடிதம் போடவேண்டும். பங்காளிச் சண்டை எந்த மொழியிலும் பங்காளிச் சண்டைதான். ஒருவரும் ஓடு மாற்றமாட்டார்கள். ஓடு போனால் உத்தரம் நனையும், உத்தரம் போனால் சுவரின் தலைவழியாக மழை இறங்கும். கல்வீடு மேலிருந்துதான் சாகிறது.

இந்த வீடும் அப்படி முப்பது வருடம் கிடந்ததாம். பிறகு ஓர் ஆங்கிலத் தம்பதி வாங்கினார்கள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வந்து, கையால் கொஞ்சம் ஆள் வைத்துக் கொஞ்சம் என்று பதினைந்து வருடம் திருத்தினார்கள். ஓய்வு பெற்றதும் வருடத்தில் பாதி இங்கே என்று திட்டம். அதற்குள் அவர்கள் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறிற்று. இப்போது விசா வாங்காமல் வந்தால் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். வயதும் ஏறிவிட்டது. டாக்டரைப் பார்க்க நாற்பது நிமிடம் கார் ஓட்டவேண்டும். சாவியை முகவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நண்பர் இதைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்தார். அகதியாக வந்து, வருடக்கணக்கில் காகிதத்துக்கு நின்று, கடைசியில் பிரெஞ்சுக் குடிமகனானவர் அவர். “வெள்ளைக்காரன் நாளெண்ணுறான், நான் எண்ணத் தேவையில்லை. உதைக் கேக்க அப்பா இல்லாமல் போனார்.”

முகவர் கணக்குச் சொன்னாள். பத்திரச் செலவு விலையில் ஏழெட்டு சதவீதம். ஊரில் பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லை, தோட்டத்தில் புதைத்த தொட்டி இன்றைய விதிப்படி இல்லை, வாங்குகிறவர் ஒரு வருடத்துக்குள் மாற்றவேண்டும். முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு மனம் மாறச் சட்டம் பத்து நாள் தருகிறது. அந்தப் பத்து நாளுக்குள் வேண்டாம் என்றால் காரணம் கேட்கமாட்டார்கள்.

“நல்ல சட்டம்” என்றார் நண்பர். அதற்குமேல் சொல்லவில்லை.

*

தமிழில் இல் என்றால் வீடு. இல் என்றாலே இல்லை என்பதும்தான். மொழி தெரிந்த யாரும் ஒருமுறையாவது இந்த இடத்தில் தடுக்கி விழுந்திருப்பார்கள். இரண்டும் வேறு வேறு வேர் என்று பண்டிதர்கள் சொல்லலாம், எனக்கு வழக்கில்லை. ஆனால் க்ரூஸின் அந்த முற்றத்தில் நின்றபோது, ஒரே அசைக்குள் இரண்டையும் வைத்த வாய்க்கு ஏதோ தெரிந்திருந்தது என்று தோன்றியது. இந்த வீட்டைக் கட்டியவன் இதில் இல்லை. அவன் பேரன் இல்லை. பங்காளிகள் இல்லை. திருத்தியவர்கள் இல்லை. வாங்க வந்தவர் வாங்கினாலும் ஆகஸ்டில் மட்டும் இருப்பார். நூற்றைம்பது வருடமாக ஒவ்வொருவரும் பிறகு வந்து இருக்கப் போவதற்காகவே இதில் கல் வைத்திருக்கிறார்கள். இருந்தவளுக்குத் தமிழில் இல்லாள் என்று பெயர். அந்தச் சொல்லுக்குள்ளும் இல்லாதவள் ஒருத்தி ஒளிந்திருக்கிறாள். விளம்பரத்தில் அவள் லாவெண்டர் கொத்து.

ஐந்து மணிக்கு முகவர் பூட்டப்போனாள். கதவு நிலையில் பிடித்துக்கொண்டது. மழை மாதம், மரம் ஊதியிருந்தது. இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். நண்பர் போய், கைப்பிடியைத் தோளோடு சேர்த்து ஒரு நூல் உயரம் தூக்கி, முழங்காலால் தள்ளினார். நாக்கு சட்டென்று விழுந்தது. எங்கே கற்றீர்கள் என்று அவள் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். “எங்கட வீட்டுக் கதவும் இப்பிடித்தான்” என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அவர் பாரிஸ் புறநகரில் இருக்கும் வீட்டைச் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

அவர் சொன்னது வடமராட்சியில் 2012-இல் கட்டி முடித்த வீட்டை. மேல்மாடி, ஐந்து அறை, வெள்ளை மாபிள் தரை, முகப்பில் சீமெந்தில் எழுப்பிய ஆண்டு. குடிபூரலுக்குப் போனார், அதன் பிறகு ஒரு முறை போனார். பிள்ளைகளுக்குப் பாரிஸ்தான் ஊர். வீட்டில் அவருடைய அக்கா இருக்கிறார், எழுபத்தாறு வயது, தனியாக.

நெடுஞ்சாலையில் ஏறியதும் காரின் ஸ்பீக்கரில் அவருக்குப் போன் போட்டார். யாழ்ப்பாணத்தில் இரவு எட்டரை தாண்டியிருக்கும். பின்னால் மழைச் சத்தம் கேட்டது. பார்த்துவிட்டு வந்த வீட்டைப் பற்றி நண்பர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அக்கா, அங்கை மழையே? மேல் அறையளுக்குள்ள தண்ணி வருதோ எண்டு பாத்தனீங்களே?”

“எனக்கென்னெண்டு தெரியும்?” என்றது அந்தக் குரல், கோபமில்லாமல். “நான் குசினிக்குள்ளதானே படுக்கிறன்.”